எனக்குச் சேர் வேண்டாம், தம்பி

தம்பி,

அப்பா காலையில் அனுப்பின வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒண்ணுமே தெரியல, வெறும் கூச்சலா இருக்கு" என்று கேட்டிருக்கிறாய். எப்படித் தெரியும்? இரண்டு நிமிஷமும் அவர் தன் கட்டை விரலைத்தான் படம் பிடித்திருக்கிறார். "ஐயோ, பார்த்து, பார்த்து" என்று கத்துவதும் அவர்தான். மற்றக் குரலெல்லாம் யாருடையது, அங்கே என்ன நடந்தது என்று ஃபோனில் சொல்லலாம். பாதிக் கதையில் "மீட்டிங் வந்துடுச்சும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன், அவ்வளவு அவசரம் எனக்கு. ஆனால் ஜெயித்தேனா தோற்றேனா என்பதை முதலிலேயே சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் நெல் வியாபாரம் பண்ணினவள், விலையைக் கடைசியில்தான் சொல்வேன். நீயும் தாவிப் போகாமல் வரிசையாகப் படி.

நம் பந்தயம் உனக்கு நினைவிருக்கும். கல்லறைத் திருநாளுக்கு நீ வந்திருந்தாய். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் எவ்வளவு தூரம்? மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்துக்கொண்டு போனால் பாதி உருகுவதற்குள் போய்விடலாம். அந்தத் தூரத்துக்கே எனக்கு மூச்சு வாங்கி, யாருடையது என்றுகூடப் பார்க்காமல் ஒரு கல்லறை மேல் உட்கார்ந்துவிட்டேன். நீ பக்கத்தில் குனிந்து, ரொம்பப் பக்குவமாக, "அம்மா, போதும்மா. நெல் கொட்டகையை வித்துடுங்க. ஈஸ்டர் பாஸ்கா முடிஞ்சு கல்யாணம் ஆனதும் நீங்களும் அப்பாவும் எங்ககூட சென்னைக்கே வந்துடுங்க" என்றாய். நீ பாசத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த நிமிஷம், அந்தக் கல்லறைக்குள்ளேயே என்னைப் பிடித்துத் தள்ளின மாதிரி இருந்தது. அங்கேயே சொன்னேன்: "மாசி அறுவடை வரைக்கும் டைம் கொடு. முழு அடுக்கு மேல நானே ஏறி, உச்சி மூட்டையில குத்தூசி போட்டுட்டா, அப்புறம் நீ கொட்டகையைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. ஏற முடியலைன்னா, சாவியை நானே உன் கையில கொடுத்துடறேன்." நீ சிரித்துக்கொண்டே "டீல்" என்றாய். நீ விளையாட்டாகச் சொன்னாய். நான் விளையாடவில்லை.

ஏன் மூட்டை அடுக்கு, ஏன் குத்தூசி என்று நீ கேட்கவே இல்லை. ஐப்பசியில் நான் ஏமாந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும், மழையில் லோடு நனைந்துவிட்டது என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய். நடந்தது இதுதான். குடவாசல் பக்கம் ஒரு வியாபாரி, ஊர் ஊராக நெல் பிடித்துத் தன் கொட்டகையில் அடுக்கி வைத்து விற்கிறவன். பெயர் வேண்டாம், அவன் மகனும் நீயும் ஒரே வகுப்பு. குறுவை நெல் பார்க்கப் போனேன். வாசலில் கார் நின்றதுமே "அக்காவுக்குச் சேர் போடுங்கடா" என்று குரல் கொடுத்தான். சேர் வந்தது, குடிக்கக் கலர் வந்தது. அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, கைக்கு எட்டின மூட்டைகளில் குத்தூசியைக் குத்தி நெல்லை இழுத்துப் பார்த்தேன். பல்லில் கடித்தால் டக்கென்று உடைந்தது. கையோடு கொண்டுபோன ஈரம் பார்க்கிற மெஷினும் சரி என்றது. மெஷினை என்ன குறை சொல்வது, நான் போட்ட நெல்லுக்குத்தானே அது பதில் சொல்லும்? வாங்கி மில்லுக்கு அனுப்பினேன். லாரியை அப்படியே திருப்பி விட்டுவிட்டார்கள். மேல் வரிசை முழுக்க ஈரம். மூட்டைக்குள் கையை விட்டால் சுடுகிறது, சிலதில் முளையே விட்டிருந்தது. என் கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் காய்ந்த நெல், அதற்கு மேல் ஈர நெல். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி என் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறான்.

அவனைப் போய்க் கேட்டேன். "ஏன்டா இப்படிப் பண்ணினே?" அவன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அக்கா, மேல ஏறிப் பார்க்க வேணாம்னு நானா சொன்னேன்? நீங்கதான் சேர்ல உட்கார்ந்தீங்க" என்றான். பதினைந்து நாள் அந்த நெல்லை ரோட்டோரம் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

சேரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உன் ஆயா, என் அம்மா, நடவு நட்டவள். நம் குடும்பத்தில் யாரும் எந்த வாசலிலும் உட்கார்ந்து பேசினதில்லை. முதன்முதலில் இரண்டு மூட்டை நெல் வாங்கி அவித்துக் காயப்போட்டு, அரைத்து, அரிசியாக்கித் தெருத்தெருவாக விற்கக் கிளம்பினேனே, அப்போது நெல் வாங்கப் போன களத்திலெல்லாம் நின்றுகொண்டேதான் பேசினேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது, அப்போது தெரியவில்லை. நிற்கிறவள் எங்கேயும் போகலாம். அடுக்கில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்கு மாதிரி ஏறி, உச்சி மூட்டையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். "அந்தப் பொம்பளை வந்தா மேல்நெல்லும் நல்லா இருக்கணும்டா" என்று பேசிக்கொள்வார்கள். பிறகு கொட்டகை வந்தது, கார் வந்தது, ஒருநாள் ஒரு பெரிய மிராசு வீட்டுக் களத்தில் எனக்கு முதல் சேர் வந்தது. சிவப்புக் கலர் பிளாஸ்டிக் சேர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன், "சேர் போட்டாங்க, தெரியுமா?" என்று. அதற்குப் பிறகு எந்தச் சேரையும் வேண்டாமென்று சொல்ல எனக்கு மனசு வந்ததே இல்லை. பதினெட்டு வருஷம் உட்கார்ந்தேன், தம்பி. உட்கார உட்கார முட்டி போனது, இடுப்பு போனது, கடைசியில் மேல் மூட்டையும் போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது நீ பரீட்சையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாயே, அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார். கும்பகோணம் போய் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்து மூன்று நாள் நடந்தார். மூன்றாம் நாள் அவர் திரும்பி வரும்போது கொட்டகை வாசலில் லோடுமேன்கள் நின்றார்கள். அவர்கள் காதுபட, "ஆபீசர் ரோந்து முடிச்சிட்டு வந்துட்டாரு! இங்க மூட்டை ஏத்த ஆள் இல்ல, ஒருத்தர் சும்மா நடந்துட்டு வர்றாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாலாம் நாள் ஷூ பரண் மேல் போய்விட்டது. காலமெல்லாம் உடம்பால் உழைத்த வம்சம் நம்முடையது. வேலை இல்லாமல் ஒருத்தர் நடந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். அந்த அடைப்பு அதனால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் அவர்களைக் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

நீ சென்னைக்குப் பஸ் ஏறின மறுநாள் காலையில் பரண் மேலிருந்து அந்த ஷூவை எடுத்தேன். எனக்குப் பெரிசு. முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, விடிந்தும் விடியாமலும் குடமுருட்டி ஆற்றங்கரையில் இறங்கினேன். உங்கப்பா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், பேஸ்ட் நுரையோடு "ஆபீசர் ரோந்து கிளம்பியாச்சா?" என்றார். பத்து வருஷத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார், மனுஷன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

முதல் மாதம் நடந்த கூத்தைக் கேள். நம் ஊரில் ஒரு பொம்பளை காலையில் சும்மா நடக்க முடியுமா? டீக்கடையைத் தாண்டும்போது, "என்னக்கா, சுகரா? எத்தனை பாயிண்ட்?" "சுகரெல்லாம் இல்லப்பா." "அப்ப பிரஷரா?" "ஒண்ணும் இல்லை, சும்மாதான்." "சும்மாவா?" என்று கேட்டுவிட்டு, காரைப் பைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டானோ என்று செல்வத்திடம் தனியாக விசாரித்திருக்கிறார்கள். நம் கொட்டகையில் லோடுமேன் மேஸ்திரியாக இருக்கிறானே, அந்தச் செல்வம்தான். அதைவிடப் பெரிய தொல்லை வண்டி. மதகு வரைக்கும் நடந்து திரும்பினால், "ஏறுங்கக்கா, நான் விடுறேன்" என்று யாராவது பைக்கை நிறுத்திவிடுவார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்குகிறது. நம்மோடு வியாபாரம் பண்ணுகிற ஆள்கள், ஏறாமல் இருக்க முடியுமா? ஏறிவிடுவேன். போகும்போது நடை, வரும்போது வண்டி. நடுவில் இரண்டு வீட்டில் டீ, ஒரு வீட்டில் அதிரசம். மாதம் முடிந்து எடை பார்த்தேன், இரண்டு கிலோ கூடியிருந்தேன். உங்கப்பா ஷூவைக் காட்டி, "அது என்ன பண்ணும், பாவம், அதுவும் வண்டியிலதானே வருது" என்றார்.

அப்போதுதான் வியாபாரி புத்தியை உபயோகித்தேன். ஊர் மதிக்கிற ஒரு காரணம் வேண்டும். உடம்புக்காக நடக்கிறேன் என்றால் யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் பைக் நின்றதும், "இல்லப்பா, நேர்ச்சை. வண்டியில ஏறக் கூடாது" என்றேன். அவ்வளவுதான்! "மாதாவுக்கா அக்கா? அப்ப நடங்க, நடங்க" என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றான். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர், நேர்ச்சை என்றால் இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் எல்லாருக்கும் புரிகிறது. டீயும் நின்றது, அதிரசமும் நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் வந்து சொன்னால், உங்கப்பா அப்படியே பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மாதா பேரைச் சொல்லிப் பொய்யா? மகன் கல்யாணம் வெச்சிருக்கிற வீட்டுல?" என்றார். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் அதை நிஜமாக்கினேன். வாயில் ஏற்கனவே சொன்னது, காலையில் நடக்கும்போது வண்டி ஏற மாட்டேன். அதோடு நானாகவே ஒன்று சேர்த்தேன்: நெல் பார்க்கப் போகிற இடத்தில் எவர் சேர் போட்டாலும் உட்கார மாட்டேன். மூட்டை ஏறுவதைவிட அது பெரிசு, தம்பி. நின்றே பேசின வீட்டிலிருந்து வந்தவள், கிடைத்த சேரை வேண்டாம் என்று சொல்வது.

நடை மட்டும் போதாது என்று தஞ்சாவூரில் முட்டிக்குப் பார்க்கிற டாக்டரம்மா சொன்னாள். உன் வயதுதான் இருக்கும். "எலும்புல பெரிசா ஒண்ணும் இல்லம்மா, தொடையிலதான் வலு இல்ல. ஒரு சேர் போட்டு, கை ஊணாம உட்கார்ந்து எந்திரிங்க. பத்து தடவை" என்றாள். எனக்கு வந்த வைத்தியத்தைப் பார்த்தாயா, அதற்கும் சேர்! முதல் நாள் மூன்று தடவை எழுந்தேன், நாலாவது தடவை தொப்பென்று விழுந்ததில் சேர் கால் உடைந்துவிட்டது. உங்கப்பா மரச்சேரை இழுத்துப் போட்டுவிட்டு, எதிரில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அவரும் ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர் வேலை. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர், கணக்கில் ஏமாற்ற விடமாட்டார். "அது அரைதான், செல்லாது" என்பார். கிறிஸ்துமஸ் வரும்போது பத்து, பொங்கலுக்கு இருபத்தைந்து. போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினாலு நிலைக்கும் முழங்கால் போட்டு, பெஞ்சைப் பிடிக்காமல் எழுந்தேன். பின்னால் நின்றவள், "அக்கா, எந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணீங்க?" என்று காதில் கேட்டாள்.

கொட்டகையில் செல்வம் எனக்கென்று மூட்டையால் ஒரு படிக்கட்டே கட்டிக் கொடுத்தான். தை பிறந்ததும் இரண்டு வரிசை, பிறகு வாரத்துக்கு ஒன்று. முதல் நாள் இரண்டாவது வரிசையில் தவழ்ந்துகொண்டு நின்றேன், இறங்கத் தெரியவில்லை. கீழே லோடுமேன்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறார்கள். "அக்கா, பூனை மரத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றான் செல்வம். "கூலி வேணுமா, வேணாமா?" என்றேன். "கூலி வேணும்க்கா, அதுக்குத்தான் நீங்க உசுரோட இறங்கணும்" என்றான். அப்படித்தான் பழகினேன், தம்பி. ஏழு வரிசை வரைக்கும் பழகினேன். அதற்கு மேல் நம் கொட்டகையில் அடுக்க நெல் இல்லை.

இன்றைக்குக் காலையில் உங்கப்பாவையும் செல்வத்தையும் கூட்டிக்கொண்டு, என்னை ஏமாற்றின அந்தக் குடவாசல் வியாபாரியின் கொட்டகைக்குப் போனேன். வேறு யாரிடமும் ஏறியிருக்கலாம். ஆனால் உன்னிடம் பேசின பந்தயத்துக்கு வேறு இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. கார் நின்றது. "அக்காவுக்குச் சேர் போடுங்கடா" என்றான், அதே குரல். சேர் வந்தது. "உட்கார மாட்டேன்பா, நேர்ச்சை" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்கைப் பார்த்தேன். ஒன்பது வரிசை! செல்வம் காதோடு, "ஏழோட நிறுத்திக்கலாமா அக்கா?" என்றான். முழு அடுக்கு என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். குத்தூசியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். நாலு வரை மூச்சு சீராக இருந்தது. ஆறில் தொடை நடுங்கியது. ஏழில் நின்றபோது, பழகின இடம் அதோடு முடிந்துபோய்விட்டது என்று கால் சொல்கிறது. கீழே அவன், "அக்கா, வேணாம்க்கா, விழுந்தீங்கன்னா எனக்குத்தான் கெட்ட பேரு" என்கிறான். அவன் அப்படிச் சொன்னதும் மேலே ஈரம்தான் இருக்கிறது என்று எனக்குள் ஒரு குஷி. எட்டு. "பார்த்து, பார்த்து" என்று உங்கப்பா. ஒன்பதாவது வரிசையின் மேல் இரண்டு காலும் ஊன்றி நிமிர்ந்தேன். தகரக் கூரை தலையில் இடித்தது. அந்த வலிகூட எனக்குப் பிடித்திருந்தது.

உச்சி மூட்டையில் குத்தூசியை இறக்கி இழுத்தேன். உள்ளங்கையில் கொட்டி, கடித்தேன். டக்கென்று உடைந்தது. அடுத்த மூட்டை, அதுவும் டக். மூலையில் இருந்தது, நடுவில் இருந்தது, எல்லாம் காய்ந்த நெல். எனக்குக் குழப்பமாகிவிட்டது. மேலிருந்தே கத்தினேன்: "என்னப்பா, எல்லாம் நல்லா இருக்கு?" அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு, "பொய் சொல்லலக்கா. நீங்க மூட்டை மேல ஏறிப் பழகுறீங்கன்னு தை மாசமே டீக்கடையில பேச்சு. இந்தத் தடவை மேல வந்துருவீங்கன்னு தெரியும். மேல் ரெண்டு வரிசையையும் இறக்கிக் காய வெச்சுத் திரும்ப ஏத்தினேன்" என்றான். நான் சிரிக்க ஆரம்பித்தேன். செல்வம் சிரித்தான், லோடுமேன்கள் சிரித்தார்கள், கடைசியில் அவனும் சிரித்தான். நீ வீடியோவில் கேட்ட கூச்சல் அதுதான். நான் ஏறுவதற்கு முன்னாலேயே என் நடை அவன் அடுக்கின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, தம்பி! இருபத்து மூன்று வயதில் இருந்த பேர், ஐம்பத்து நாலில் திரும்பிக் கிடைத்திருக்கிறது. இறங்கி வந்ததும் அவன் சேரை மறுபடி இழுத்துப் போட்டு, "இப்பவாவது உட்காருங்கக்கா" என்றான். "அவருக்குப் போடு, அவருக்குத்தான் மூச்சு வாங்குது" என்று உங்கப்பாவைக் காட்டினேன்.

ஆக, கொட்டகைச் சாவி என் இடுப்பிலேயே இருக்கும். டீல் என்றால் டீல். கல்யாணத்துக்கு வருவோம், மருமகளோடு பத்து நாள் இருப்போம், குறுவைக்கு முன்னால் திரும்பிவிடுவோம். நீங்கள் எங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் இங்கே வாருங்கள். நீ ஒன்றைக் கவனித்தாயா என்று தெரியவில்லை: போன வாரம் உங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று மூன்று மாடி ஏறிக்கொண்டே என்னிடம் பேசினாய். இரண்டாவது மாடியிலிருந்து உன் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. உனக்கு முப்பத்தொன்று. உன் ஆபீஸில் போட்டிருக்கிற சேர் சுற்றுமாம், சாயுமாம், முதுகுக்கு மெத்தை இருக்குமாம். உனக்கு மரியாதை கொடுத்துத்தான் போட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ ஐம்பத்து நாலு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அப்பாவை நான் கேலி பண்ணின மாதிரி உன்னை யாராவது கேலி பண்ணினால், அவர்கள் எதிரிலேயே ஷூ லேஸைக் கட்டு. நாங்கள் வருகிற அன்று லிஃப்ட் ஓடினாலும் படியில்தான் ஏறுவோம், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வா, எண்ணுவதை அப்பா பார்த்துக்கொள்வார்.

அந்தப் பழைய ஷூவை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன், எனக்கு அளவாகப் புதிது வாங்கியாயிற்று. அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். "எந்தச் சொல்லு?" என்றார், ஒன்றும் தெரியாத மாதிரி. வெயில் தாழ்ந்துவிட்டது. காலையில் விட்டுப்போன நடைக்கு, வாசலில் நின்று, "ஆபீசரம்மா, ரோந்துக்கு நேரமாச்சு" என்று கூப்பிடுகிறார். எனக்குத் தொடை இரண்டும் கடுக்கிறது. இருந்தாலும் போகிறேன்.

உன் அம்மா